கேட்டவருக்கு மறுப்பு, கேட்காதவருக்கும் மறுப்பு

சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது, "எனக்கு எழுத வராதுப்பா, விட்டுடு" என்று மறுத்தேன். "ஹாஸ்டல் மெஸ்ஸில் மூணாவது தோசையை மறுத்திருக்கியா? இதையும் மறுக்காதே" என்றார். சரி, மறுப்பைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பிழைப்பு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில். திரையில் தினமும் இரண்டு வசவுகள் வாங்குகிறேன். ஒன்று, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. இன்னொன்று, 'பர்மிஷன் டினைட்'. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "ரெண்டும் முடியாதுங்கிறதுதானே அண்ணா?" இல்லை. முதலாவதில் நாம் கதவைத் தட்டுகிறோம். நாம் தேடும் ஆள் அங்கே இல்லை. தட்டியவுடன் 'போ' என்று பதில் வருகிறது. இரண்டாவதில் வேண்டிய பொருள் உள்ளேயேதான் இருக்கிறது. நம் பெயர்தான் அனுமதிப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியல் நாம் தட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இங்கிலீஷிலும் ஏறக்குறைய இதே வித்தியாசம்தான். 'ரெஃப்யூஸ்' என்பது பெரும்பாலும் கேட்டவனுக்குச் சொல்லும் பதில். 'டினை' (தினை அல்ல, நாக்கை மடித்துச் சொல்லவும்!) என்ற வினைக்கு வேலை அதிகம். லத்தீனில் 'இல்லை என்று சொல்' எனப் பொருள்படும் 'நெகாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஒருவர் சொன்னதை 'அப்படி இல்லை' என்பதும் டினைதான். ஒருவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதும் டினைதான்.

தமிழில் இதற்கெல்லாம் 'மறு' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். சொன்னதை மறுத்தான், கேட்டதை மறுத்தான், உரிமையை மறுத்தான். முதல் மறுப்புக்கு நம் இலக்கணத்தில் நல்ல மரியாதை உண்டு. நூல் எழுதுகிறவன் கொள்ளும் ஏழு மதங்களை அடுக்கும் நன்னூல், உடன்படலுக்கு அடுத்தபடியாக மறுத்தலைத்தான் வைக்கிறது. இரண்டாவது மறுப்பு வீட்டில் தினமும் நடப்பது. மூன்றாவது மறுப்புதான் நம் கல்லூரி வாசல் வரை வந்து, நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தது. இன்றைய மாணவர்களில் பலர் இந்தக் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்கு இடம் பெயர்ந்த நம் கல்லூரியில் இடம் கிடைப்பது அன்றும் குதிரைக்கொம்புதான். 1950 வாக்கில் சென்னை ராஜ்யத்தின் நான்கு பொறியியற் கல்லூரிகளுக்கும் சேர்த்தே 395 இடங்கள். நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு 330. வெளிமாநிலத்தாருக்கும் அரசின் விருப்புரிமைக்கும் கொஞ்சம் போக, மற்ற இடங்களை 'கம்யூனல் ஜி.ஓ.' என்ற அரசாணைப்படி பங்கிட்டார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. பட்டியல் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 29(2)-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் எந்தக் குடிமகனுக்கும் அனுமதி 'டினை' செய்யக்கூடாது என்கிறது. இந்த வினைச்சொல் அங்கே வந்ததே ஒரு தனிக்கதை. முதல் வரைவில், சிறுபான்மையினரிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்றுதான் இருந்தது. 1948 டிசம்பரில் பண்டிட் தாகூர் தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தத்தால், சிறுபான்மையினர் என்ற இடத்தில் 'எந்தக் குடிமகனும்' வந்தது. 'பாகுபாடு' என்ற இடத்தில் 'டினை' வந்தது. வார்த்தை மாறியதும் வாசல் விரிந்துவிட்டது.

அந்த வாசல் வழியாக இரண்டு பேர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர் மருத்துவம் படிக்க விரும்பிய செண்பகம் துரைராஜன். இன்னொருவர் சி.ஆர். சீனிவாசன், நம் கிண்டிக் கல்லூரிக்கு மனுப் போட்டவர். இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு, 450-க்கு 369 மார்க். அவருக்காக வாதாடியவர் மயிலாப்பூர்வாசியான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவரே அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நின்றார். 1950 ஜூலை 27-ல் ஹைகோர்ட் அரசாணை செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதையே உறுதி செய்தார்கள். பலவீனமான பிரிவினரின் கல்வியைக் கவனிக்கச் சொல்லும் 46-வது பிரிவைக் காட்டி அரசு வாதாடியது. அது வழிகாட்டும் கொள்கை, அடிப்படை உரிமையை அது மீற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. தீர்ப்பை நிதானமாகப் படித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போடவில்லை! விசாரித்திருக்கிறார், தன் சாதி காரணமாக இடம் கிடைக்காது என்று தெரிந்ததும் நேரே கோர்ட்டுக்கு வந்துவிட்டார். ஹைகோர்ட்டில் அரசு இதை ஆட்சேபிக்கவில்லை. அவர் ஜெயித்தால் ஓர் இடம் ஒதுக்குவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது. அதனால் சுப்ரீம் கோர்ட் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும், மனுவே போடாத ஒருவர் உரிமை பறிபோனதாகக் கோர்ட்டுக்கு வருவதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தே வைத்தார்கள்.

கேட்காதவருக்கு மறுத்ததாகச் சொல்ல முடியுமா? கேள்வி இதுதான். 'ரெஃப்யூஸ்' என்றால் முடியாது. 'டினை' என்றால் முடியும். பட்டியல் முன்பே எழுதியாகிவிட்டது என்றால், தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஒன்றுதானே?

இந்த நியாயத்தை அப்படியே திருப்பிப் பாருங்கள். செண்பகத்துக்காவது விசாரிக்க ஓர் ஆபீஸ் இருந்தது, போக ஒரு கோர்ட் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத குடும்பங்கள்? அவர்களுடைய பட்டியல் எந்த ஆபீசிலும் தொங்கவில்லை. ஊர் வழக்கத்தில் இருந்தது. அவர்கள் கையில் நிராகரிக்கப்பட்ட மனு எதுவும் கிடையாது. மனு இல்லாதவர்களுக்குக் கோர்ட் என்ன செய்ய முடியும்?

கோர்ட்டில் வழியில்லாததால் கேள்வி தெருவுக்கு வந்தது. பெரியார் தலைமையில் கிளர்ச்சி நடந்தது. சென்னையின் கொந்தளிப்பு டில்லிக்கு எட்டியது. 1951 ஜூன் 18-ல், அரசியல் சட்டம் அமலாகி ஒன்றரை வருஷம்கூட ஆகாத நிலையில், முதல் திருத்தம் வந்துவிட்டது. அதில் சேர்ந்ததுதான் 15(4). கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கியவர்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம், 29(2) அதற்குக் குறுக்கே நிற்காது என்று அது சொல்கிறது. கேட்டவருக்கு மறுக்காதே என்று ஒரு பிரிவு. கேட்கவே முடியாமல் போனவரையும் நினைத்துப் பார் என்று இன்னொரு பிரிவு. இரண்டும் இன்றும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன, நம்ம ஹாஸ்டல் ரூம்மேட்கள் மாதிரி. சண்டையும் உண்டு, பிரிந்து போனதும் இல்லை.

கேட்பது என்பதே எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு நம் கல்லூரியிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1940-ல் இங்கே மின் பொறியியல் படிக்க வந்த ஏ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் இங்கேயே பேராசிரியர். அவர் கேட்டார், முதல்வர் கே.சி. சாக்கோ இசைந்தார்; பெண்களுக்குக் கதவு திறந்தது. லலிதாவின் துணிச்சலுக்கு நூறு சல்யூட். ஆனால் கேட்கும் தூரத்தில் ஓர் அப்பா இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு அப்படி யாரும் இல்லை. தி.நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு துணிக்கடையில் முப்பது வருஷம் புடவை மடித்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க். என் கவுன்சலிங் அன்று, வெளியே மரத்தடியில் கையில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். சீட் கிடைத்த சந்தோஷத்தில், "உங்களுக்கு ஏம்பா அப்ப காலேஜ் சீட் குடுக்கல?" என்று கேட்டேன். "யாரும் மறுக்கலடா. நான் கேக்கவே இல்லையே. கேக்கலாம்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

15(4) போட்ட பாதையில் நடந்து வந்தவன் நான். இதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. என் லேப் பார்ட்னர் மயிலாப்பூர்க்காரன். அவன் தாத்தா, மார்க் இருந்தும் இங்கே இடம் கிடைக்காமல் வடக்கே போய்ப் படித்தவர். அந்த வருத்தம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் பேசப்படுகிறது. முதலாண்டில் இதைப் பற்றி நாங்கள் அடையாறு டீக்கடையில் கத்திச் சண்டை போட்டிருக்கிறோம். "எங்க தாத்தாவுக்கு மறுத்தாங்கடா" என்பான். "எங்கப்பாவுக்குக் கேட்கவே தெரியலடா" என்பேன். டீ ஆறிவிடும். இருவரும் சொன்னது ஒரே வினைச்சொல்லின் இரண்டு பொருள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அவன் வருத்தத்தை நான் மறுப்பதில்லை. என் அப்பாவின் கதையை அவனும் மறுப்பதில்லை. இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பரவாயில்லை, சந்திப்புக்கு அவனும் வருகிறான்!

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 'டினைட்' என்ற வார்த்தையைக் காகிதத்திலோ திரையிலோ பார்க்கும்போது, பட்டியலை எழுதியது யார் என்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் கையே தூக்காத ஒரு மாணவன் கடைசி பெஞ்சில் இருப்பான். "அவன் கேட்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். பழைய மாணவர் சங்கத்தின் உதவித்தொகைக்கு மனுப் போடலாம் என்று நீங்களே அவன் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். சங்கத்துப் பெரியவர்களே, மனு வரவில்லை என்றால் தேவை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மலர்க் குழு நண்பரே, கட்டுரை கேட்டதற்கு நன்றி. கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.