பைன் காட்டுக்கு வானத்துலேர்ந்து உரம்

செடி வாடினா தண்ணி போதலைன்னுதான் நமக்குத் தோணும். மொட்டைமாடி எலுமிச்சையை நான் கொன்னதே அப்படித்தான், ஊத்தி ஊத்தி :-)

நியூசிலாந்துல ஆக்லாந்து பக்கம் ரிவர்ஹெட்னு ஒரு காடு. 1920-களின் பிற்பகுதியிலிருந்து ரேடியாட்டா பைன் நட்டார்கள். மழைக்கும் வெயிலுக்கும் குறைச்சல் இல்லை. ஆனா நிறைய மரங்கள் நோஞ்சானா நின்னுது: ஊசியிலை குட்டை, தலைப்பகுதி மெலிசு. வில்லன், மண். ஒரு காலத்துல கவுரி மரங்கள் நின்ன, அப்புறம் பிசினுக்காகத் தோண்டிக் கிளறின களிமண். பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி.

இலை வெயிலைப் பிடிச்சு ஏடிபி-யா சேர்க்கணும்னா பாஸ்பேட் வேணும். அதோட முடியலை. பசுங்கணிகத்துல தயாரான சர்க்கரைத் துண்டு வெளிய போகும்போது பதிலுக்கு ஒரு பாஸ்பேட் உள்ள வரணும், பண்டமாற்று மாதிரி. வரலைன்னா சரக்கு தேங்கி, ஒளிச்சேர்க்கையே மந்தமாயிடும். வெயில் எவ்வளவு அடிச்சு என்ன பிரயோஜனம்?

மேய்ச்சல் நிலத்துக்கு விமானத்துல உரம் தூவறது அங்க 1949-லேயே தொழிலாகியிருந்தது. 1950-களில் இந்தக் காட்டுக்கும் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினாங்க. தேறாதுன்னு இருந்த மரங்கள் இலை அடர்ந்து வளர ஆரம்பிச்சுது.

ஊசியிலையைப் பறிச்சு, லேப்ல பாஸ்பரஸ் அளந்து, எங்க உரம் போடணும்னு முடிவு பண்ற வழக்கமும் அந்த நாட்டுக் காடுகள்ல நிலைச்சுது. லாக் ஃபைலைப் பார்த்து பக் பிடிக்கிற மாதிரியேதான்!