ஆமிஷ் மக்களின் கல்வீடு

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, லங்காஸ்டர் நகருக்குக் கிழக்கே, 1805ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கல்வீடொன்று உளது. அவ்வீடும் அதனைச் சேர்ந்த கமமும் 1955ஆம் ஆண்டு முதல் ஆமிஷ் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் காட்சியிடமாகப் பேணப்பட்டு வருகின்றன.

1693ஆம் ஆண்டளவிலே சுவிற்சலாந்திலும் அல்சாசிலும் யாக்கோபு அம்மான் என்பாரைப் பின்பற்றித் தனிச்சபையாகப் பிரிந்தவர்களே ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலே அவர்களுட் பலர் பென்சில்வேனியாவிற் குடியேறினர். அவர்களுட் பழைய ஒழுங்கினைக் கைக்கொள்வோர் பொதுமின்சாரத்தை வீட்டினுள் விடுவதில்லை; மோட்டார் வண்டி வாங்குவதுமில்லை. இவை உலகம் நன்கறிந்த செய்திகள்.

அதிகம் பேசப்படாதது வேறொன்று. இவர்கள் கோயில் கட்டுவதில்லை. ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு, முறைவைத்து ஒருவர் வீட்டிலே கூடித் தொழுவர். அதன்பொருட்டு, இடைக்கதவுகளை அகலத் திறந்தால் அறைகள் பல ஒன்றாகும்படி வீடுகளை அமைப்பர். முதுகுச்சாய்வற்ற நீண்ட வாங்குகள் குதிரை வண்டியிலேறி வீட்டுக்கு வீடு செல்லும். தொழுகை ஏறக்குறைய மூன்று மணிநேரம் நிகழும். பின்னர் யாவரும் அங்கேயே உண்பர். இவர்தம் கட்டடக்கலையை ஆராய்வோர் கோபுரத்தைத் தேடிப் பயனில்லை. கதவுக் கீலையே பார்த்தல் வேண்டும்.

கல்வீட்டின் முன்னறையிலும் அத்தகைய வாங்குகள் வரிசையாக இடப்பட்டுள்ளன. வெளியே லிங்கன் நெடுஞ்சாலையில் மோட்டார்கள் ஓயாது விரைகின்றன. அயலிற் பேரங்காடிகள் எழுந்துவிட்டன. பார்வையாளர் அறைக்கு அறை நடந்து செல்கின்றனர். வாங்குகளோ, அடுத்த ஞாயிறும் அதே அறையிலேயே இருக்கும்.