சவர்க்காரமும் சுதந்திரமும்

2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் அரைநாள் நின்றுவிட்டு வந்து நான் புலம்ப, அம்மம்மா சிரித்தா. "எங்கட காலத்தில வரிசையில நிக்கவே எண்ணெய் இல்லையடா" எண்டா.

அவ சொன்னது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்க, அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள்.

விடுதலை என்ற சொல் அப்போது எங்கும் ஒலித்தது. ஆனால் வீட்டுக்குள் அதற்கு வேறு அர்த்தங்களும் இருந்தன: செய்தி கேட்பது, இரவில் படிப்பது, பயமில்லாமல் பயணம் போவது. தெற்கே போகப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேணும். பிறகு கிளாலியில் இரவு வள்ளம் ஏறினால் கடற்படை சுடும். பூட்டு இரண்டு பக்கமும் இருந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்தது. சாமான்கள் லொறிகளில் வந்தன. அதையே சுதந்திரமாகச் சனம் உணர்ந்ததில் பிழையில்லை. 2006இல் பாதையைப் பூட்ட, தட்டுப்பாடும் திரும்பி வந்தது. திறக்கவும் பூட்டவும் வேறொருவர் கையில் இருந்தால் அதற்குப் பெயர் சலுகை.

2022இன் வரிசைகளும் கலைந்துவிட்டன. வரிசையில் நின்று நாங்கள் கேட்ட கேள்விகளையும் அதோடு கலைய விட்டோமா?