மோட்டார் சைக்கிள் வட்டுத் தடுப்பியில் காற்று நீக்கம்

காற்று நீக்கம் என்பது மோட்டார் சைக்கிளின் திரவ அழுத்த வட்டுத் தடுப்பிக்குள் புகுந்த காற்றையும் பழைய திரவத்தையும் வெளியேற்றி, புதிய திரவத்தை நிரப்பும் பராமரிப்புப் பணி ஆகும். வட்டுத் தடுப்பி பேச்சு வழக்கில் டிஸ்க் பிரேக் எனவும், காற்று நீக்கம் பட்டறை வழக்கில் "ஏர் எடுப்பது" அல்லது "ப்ளீடிங்" எனவும் அழைக்கப்படுகின்றன. பழைய வண்டிகளை வீட்டில் மீட்டமைப்போர், தடுப்பி அமைப்பை முழுவதும் கழற்றிப் பூட்டிய பின்னர் இப்பணியைத் தவறாது செய்தல் வேண்டும். இது முறையாகச் செய்யப்படாவிடின், தோற்றத்தில் புதியதாக விளங்கும் வண்டியும் ஓட்டுவதற்குத் தகுதியற்றதாகும்.

இயங்கும் முறை

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதியின்படி, மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுகின்றது. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை இழுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகின்றது. அவ்வழுத்தம் குழாய் வழியே காலிப்பரை அடைந்து, பேடுகளைச் சுழலும் வட்டின்மீது அழுத்துகின்றது.

எடுத்துக்காட்டாக, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ. எனவும், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 36 மி.மீ. எனவும் கொண்டால், விசை 9 மடங்காகப் பெருகும். ஆனால் காலிப்பர் பிஸ்டன் 1 மி.மீ. நகர, மாஸ்டர் பிஸ்டன் 9 மி.மீ. நகர வேண்டும். எனவே திரவத்தில் காற்று சிறிதளவே இருந்தாலும் அதன் விளைவு பெரிது. 30 வளிமண்டல அழுத்தத்தில் காற்று ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மேற்கண்ட அமைப்பில் அரை மி.லி. காற்று இருந்தால், அதைச் சுருக்குவதற்கே மாஸ்டர் பிஸ்டனின் நகர்வில் 4 மி.மீ.க்கு மேல் வீணாகும்.

வரலாறு

பிரித்தானியப் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் வட்டுத் தடுப்பிக்குக் காப்புரிமை பெற்றார். 1969இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750, திரவ அழுத்த முன் வட்டுத் தடுப்பியைப் பெருமளவு உற்பத்தி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் பரவச் செய்தது.

தமிழ்நாட்டைச் சேர்ந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், செருமானிய சுண்டாப் வண்டியை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த ஃபியூரி 175, இந்தியாவில் வட்டுத் தடுப்பியுடன் வந்த தொடக்ககால வண்டிகளுள் ஒன்றாகும். 1999இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். போன்றவற்றின் பின் இவ்வமைப்பு பரவலாயிற்று. இவ்வகை வண்டிகளே இன்று மீட்டமைப்புக்கு வருகின்றன.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் முதன்மையான இடங்களுள் ஒன்றாகும். ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013இலும், வல்லம் வடகாலில் யமஹா ஆலை 2015இலும், ராயல் என்ஃபீல்டின் மற்றோர் ஆலை 2017இலும் தொடங்கின. பெருமளவு வாகன உற்பத்தியில், தடுப்பிக் குழாயிலுள்ள காற்றை எந்திரத்தால் உறிஞ்சி வெற்றிடமாக்கி, பின்னர் அழுத்தத்துடன் திரவத்தைச் செலுத்தும் முறை கையாளப்படுகின்றது. வீட்டில் மீட்டமைப்பவருக்கு இவ்வசதி இல்லை. குமிழி மேல்நோக்கி எழும் இயல்புடையது. நெம்புகோல் திரவத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. வீட்டில் செய்யும் காற்று நீக்கத்தின் கடினம் இம்முரணிலேயே உள்ளது.

திரவம்

தடுப்பித் திரவம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் "பிரேக் ஆயில்" எனப்படுகின்றது. இப்பெயர் தவறான புரிதலுக்கு இடமளிக்கக் கூடியது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனவை; எண்ணெய் அல்ல. இவற்றுக்கென அமைந்த ரப்பர் சீல்கள் என்ஜின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீசு ஆகியவை பட்டால் ஊதிக் கெட்டுவிடும். எனவே உறுப்புகளைத் தடுப்பித் திரவத்தாலோ, அதற்குரிய துப்புரவுத் திரவத்தாலோ மட்டுமே கழுவ வேண்டும். டாட் 5 சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது. அதை மற்றவற்றுடன் கலக்கக் கூடாது.

கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு ஆகும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் தேவைப்படும் குறைந்த அளவு 155 பாகை மட்டுமே. டாட் 3க்கு இவ்வளவுகள் முறையே 205, 140 பாகைகளாகும். தொடர்ந்து தடுப்பியைப் பயன்படுத்தும்போது ஈரமான திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, நெம்புகோல் திடீரெனத் தளரும். சென்னையை ஒட்டிய ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில், திறந்து பல நாள் வைத்த புட்டியிலுள்ள திரவத்தைப் பயன்படுத்துதல் தகாது.

முன்னேற்பாடு

நெடுங்காலம் நின்ற வண்டியில் காற்று நீக்கம் மட்டும் போதாது. காலிப்பர் பிஸ்டனின் துரு, சீல் அமரும் பள்ளத்திலுள்ள படிவு, முதிர்ந்த ரப்பர் குழாய் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் திரவக் கலத்தடியில் உள்ள மிக நுண்ணிய துளை, உறைந்த பழைய திரவத்தால் அடைபட்டிருக்கலாம். குழாய் இணைப்புகளில் புதிய செம்பு வாஷர்கள் இட வேண்டும். காற்று நீக்கும் நிப்பிள் உள்ளே துளையுடையது. துருப்பிடித்ததை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும்.

செய்முறை

1. வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, திரவக் கலம் சமமட்டமாக இருக்குமாறு கைப்பிடியைத் திருப்ப வேண்டும். திரவம் வண்ணப்பூச்சை அரிக்குமாதலால் பெட்ரோல் டேங்கைத் துணியால் மூட வேண்டும்.
2. பழைய திரவத்தை எடுத்துவிட்டு, புதியதை நிரப்ப வேண்டும்.
3. நெம்புகோலைச் சிறிதளவே பலமுறை மெதுவாக இழுத்துவிட, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள குமிழிகள் நுண்துளை வழியே மேலெழும்.
4. நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் புட்டியிலுள்ள திரவத்தில் அமிழ்த்த வேண்டும்.
5. நெம்புகோலை இழுத்துப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, திரவம் வந்தபின் மூட வேண்டும். மூடிய பிறகே நெம்புகோலை விட வேண்டும். மாறிச் செய்தால் காற்று மீண்டும் உட்புகும்.
6. குமிழியற்ற புதிய திரவம் வரும்வரை இதனைத் தொடர வேண்டும். கலத்திலுள்ள திரவம் கீழ்க்குறிக்குக் கீழே இறங்கக் கூடாது.
7. இறுதியில் நிப்பிளை இறுக்கி, கலத்தைக் குறிவரை நிரப்பி மூடி, சிந்திய திரவத்தை நீரால் கழுவ வேண்டும்.

முற்றிலும் வறண்ட அமைப்பில், சிரிஞ்சு கொண்டு நிப்பிள் வழியே திரவத்தை மேல்நோக்கிச் செலுத்துவது எளிது. இம்முறையில் குமிழி தன் இயல்பான திசையிலேயே செல்கின்றது. கலம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு கண்டறிதல்

* நெம்புகோல் பஞ்சு போல் அமுங்குதல்: காற்று எஞ்சியுள்ளது, அல்லது பழைய குழாய் அழுத்தத்தில் விரிகின்றது. மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய குழாய் இணைப்பில் காற்று தங்குவது வழக்கம். நிப்பிள் காலிப்பரின் மேற்புறத்தில் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.
* பிடித்திருக்கும்போதே நெம்புகோல் மெல்ல இறங்குதல்: வெளியே கசிவு உள்ளது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உட்சீல் தேய்ந்துள்ளது. காற்று நீக்கத்தால் இது தீராது.
* நெம்புகோல் இறுக்கமாக இருந்தும் வண்டி நில்லாமை: பிஸ்டன் இறுகியுள்ளது, அல்லது பேடுகளில் எண்ணெய் பட்டுள்ளது.
* விட்ட பின்னும் சக்கரம் பிடித்திருத்தல்: நுண்துளை அடைப்பு, உட்புறம் ஊதிய குழாய், இறுகிய பிஸ்டன் ஆகியவற்றுள் ஒன்று. நுண்துளை அடைபட்டிருந்தால், சூடேறி விரியும் திரவம் திரும்ப வழியின்றி, ஓட்டத்திலேயே சக்கரத்தை நிறுத்திவிடக் கூடும்.
* நெம்புகோலில் துடிப்பு: வட்டு வளைந்துள்ளது அல்லது சீரற்றுத் தேய்ந்துள்ளது.

நெம்புகோலை இரவு முழுவதும் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. கசிவைக் கண்டறிய இது உதவும். எனினும் காற்று நீக்கத்திற்கு ஈடாகாது.

பாதுகாப்பு

பணி முடிந்ததும் பேடுகள் வட்டைத் தொடும்வரை நெம்புகோலைப் பலமுறை இழுக்க வேண்டும். பின்னர் வண்டியைத் தள்ளியும், ஆளில்லாத இடத்தில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டியும் சோதிக்க வேண்டும். கனரக லாரிகள் செல்லும் ஒரகடம் சாலை போன்ற இடங்களில் முதற் சோதனை செய்வது ஆபத்தானது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. அவ்வகை வண்டிகளின் ஏ.பி.எஸ். அலகில் காற்று புகுந்தால், அதை நீக்கத் தனிக் கருவி தேவைப்படலாம்.

இவற்றையும் பார்க்க

* பாஸ்கல் விதி
* உருளைத் தடுப்பி
* உராய்வு
* ஒரகடம்