கூலிம் கடையில் ஒரு பழந்தேயிலை



கெடா மாநிலத்துக் கூலிமில், சீனர் கடையொன்றில் மூங்கிற்கூடை நிறையக் கரிய தேயிலையைக் கண்டேன். சீனாவின் குவாங்சியில் விளையும் லியூபாவ் என்றார் கடைக்காரர். யுன்னானின் பூ-எர் தேயிலையைப் போல இதுவும் நுண்ணுயிர்களால் புளித்து, ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவை முதிர்வது. முதல் கொதிநீரை அலசிக் கொட்டிவிட்டு, மறுநீரைப் பருகத் தந்தார். செந்நிறம்; துவர்ப்பில்லை; சீனர் போற்றும் பாக்கு மணம் மெல்ல எழுந்தது.

“உறையில் அச்சிட்ட ஆண்டை நம்பி வாங்காதீர்கள், வாத்தியாரே. பூசண வாடை முதுமையன்று, கேடு” என்றார்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பருகிய தேயிலை இது. 19ஆம் நூற்றாண்டில் கூலிமிலும் சுரங்கங்கள் இருந்தன. அக்காலத்துக் கூலியாள் பானத்தை இன்று சேகரிப்போர் பெருவிலைக்குத் தேடுகின்றனர். நம் ‘தேயிலை’யின் ‘தே’கூட ஹொக்கியன் சீனர் தந்த சொல்லே.

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் சுவடுகளை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? தோட்டமொன்று துண்டாடப்பட்டபோது, அங்கிருந்த தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு குப்பையோடு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் தந்தையாரின் பெயரும் இருந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய சம்பளச் சீட்டையும் பள்ளிச் சான்றிதழையும் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டி, தாத்தா பாட்டியின் கதையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.