மூச்சு, முப்பது விநாடி, 2.26 கோடி

கொல்லிமலை செம்மேட்டில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "இப்ப பாடிப் போறவன எத வச்சு எடுக்கறாங்க தம்பி?"

அவர் காலத்தில் அளவுகோல் மூச்சுதான். ஒரே மூச்சில் "கபடி கபடி" பாடித் தொட்டுத் திரும்பணும்.

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீகில் ஒரு ரைடுக்கு 30 விநாடி. அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுமனே போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகணும், இல்லேன்னா அவுட். சும்மா போய்க் காலம் கடத்திட்டு வர்ற பத்திரமான ஆட்டத்துக்கு இதில் இடம் குறைவு. அடிச்சு ஆடறவனுக்கு ஏலத்தில் விலை ஏறியது இதனால்தான்னு நினைக்கிறேன்.

2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை யாருக்கும் அவ்வளவு போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, சீசனே போச்சு. அந்தப் பாரத்தைத் தூக்கியவர் அதே சீசனில் அறிமுகமான நரேந்தர். 243 ரைடு புள்ளி! (பவன் டெல்லி, இவர் ஹரியானா. பேர் மட்டும் தமிழ் தலைவாஸ்.) அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அங்கே புனேரி பல்டனிடம் 37-39. இரண்டே புள்ளி. பெரியவர் "அடடா" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.