பாத்திரம் துலக்கும் பொறியும் துலக்கிய கைகளும்

மன்னர்தம் போர்களை விரிவாக எழுதிய வரலாறு, அடுக்களையில் நின்று உழைத்தோரை எழுத மறந்தது. பாத்திரம் துலக்கும் பொறி, அதனை அறியாத அடுக்களைக்குள் நுழைந்த கதையை ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும்.

அமெரிக்காவில் 1850ஆம் ஆண்டிலேயே ஜோயல் ஹௌட்டன் என்பவர் கையால் சுழற்றும் மரப்பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது பரவவில்லை. இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன் அம்மையாரே நன்கு இயங்கும் பொறியை உருவாக்கினார். பணியாளர் துலக்கும்போது தம் பீங்கான் தட்டுகள் உடைவது கண்டு அவர் வருந்தினார் என்பர். 1883இல் கணவர் கடன் வைத்து இறந்தபின், அவ்வெண்ணமே அவருக்குப் பிழைக்கும் வழியாயிற்று. தட்டுகளின் அளவுக்கேற்ற கம்பி அறைகள், அவற்றைத் தாங்கும் சக்கரம், அதனை உள்ளடக்கிய செப்புக் கொப்பரை, தட்டுகளின் மேல் பீறிடும் சூடான சவுக்கார நீர்: இவ்வமைப்புக்கு 1886 டிசம்பர் 28ஆம் நாள் காப்புரிமை கிட்டியது.

எனினும் அதனைப் பெரிதும் வாங்கியவை விடுதிகளும் உணவகங்களுமே. வீட்டில் பொறியைப் பொருத்த இடம் மட்டும் போதாது. மிகுந்த வெந்நீரும், கழிவுநீர் செல்ல வடிகாலும் வேண்டும். அன்றைய வீட்டுக் கொதிகலன்கள் அவ்வளவு வெந்நீர் தரவில்லை. அம்மையார் 1913இல் மறைந்தார். அவரது நிறுவனத்தை 1926இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. கிச்சன்எய்ட் என்னும் பெயரில் வீட்டுக்குரிய பொறி வந்தது 1949இல்தான்.

1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் காக்ரேன் அம்மையாரின் பொறி பரிசு பெற்றது. அதே கண்காட்சியில் கறுப்பின மக்களுக்கு உரிய இடம் மறுக்கப்பட்டதைக் கண்டித்து, ஐடா பி. வெல்ஸ், ஃபிரெடெரிக் டக்ளஸ் முதலியோர் சிறுநூல் ஒன்றை வெளியிட்டனர். அம்மக்களுள் பெண்கள் பெருந்தொகையினர் பிறர் வீட்டு அடுக்களைகளில் உழைத்து வந்தனர். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரை விலக்கியது. 1938இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அவர்களுக்கு எட்டவில்லை. 1974ஆம் ஆண்டுத் திருத்தமே அவர்களுள் பெரும்பாலோரை அதன்கீழ்க் கொணர்ந்தது. வீட்டுக்குக் கிச்சன்எய்ட் பொறி வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, துலக்கிய கைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் காவல் கிட்டியது!

பொறியைப் பொருத்துவோர் முதலில் அதற்கு நீரும் வடிகாலும் உண்டா என்று பார்க்கின்றனர். உழைப்போருக்கு ஊதியமும் ஓய்வும் உண்டா என்று பார்க்கத்தான் காலம் தாழ்ந்தது. பொறியைப் படைக்கும் கல்வியோடு, சட்டத்தை ஆக்கும் கல்வியையும் நம் மாணவச் செல்வங்கள் பெறவேண்டும் என நாம் வலியுறுத்துவது இதனாலேயே.